கிணற்றில் பெற்றோல் மணந்தால்: மணல் நிலத்துச் செட்டுக்கடியில் தேடுவதும் எடுப்பதும்

கிணற்றுத் தண்ணீரில் வானவில் நிறப் படலம் மிதந்தவுடன் பக்கத்துப் பெற்றோல் செட்டோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஓர் ஈர்க்கை எடுத்து அந்தப் படலத்தைக் கீறிப் பாருங்கள். ஓடு உடைந்த மாதிரி மூலை மூலையாகப் பிரிந்து, துண்டுகள் பிரிந்த இடத்திலேயே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் வேலை. நம் மட்டக்களப்புப் பக்கத்துக் கிணறுகளில் இரும்புக்குப் பஞ்சமில்லை. வெள்ளைத் துணி மஞ்சளிப்பதே சாட்சி. கீறிய இடம் சுழன்று, கையை எடுப்பதற்குள் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய். ஐந்து சதம் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கடிதம் எழுதத் தொடங்கியவர்கள் நிறையப் பேர்.

படலம் இல்லை, மணமும் இல்லை என்றால் தப்பித்தோம் என்றும் நினைக்கக்கூடாது. பெற்றோலில் இருக்கும் நச்சுச் சரக்கான பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குடிநீர் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். தண்ணீரில் பென்சீனின் மணம் மூக்குக்குப் பிடிபடுவது 10 மில்லிகிராம் அளவில், அதாவது எல்லையைப் போல ஆயிரம் மடங்கில். பெற்றோலில் உள்ள மற்றச் சரக்குகள் அதற்கு முன்னரே மணக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூக்கு ஒருபோதும் ஆய்வுகூடம் ஆகாது.

சந்தேகம் வந்த கிணற்றில் முதலில் செய்யக்கூடாதவை. உள்ளே இறங்கக்கூடாது. லாம்பு இறக்கக்கூடாது. கிணற்றுக்கட்டில் இருக்கும் மோட்டரின் சுவிட்சைத் தட்டக்கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மூடி போட்ட கிணற்றில் தண்ணீருக்கு மேலே பாய் விரித்தமாதிரிக் கிடக்கும். காற்றில் 1.4 வீதம் கலந்தாலே பொறி போதும். வாயு மீற்றர் அந்த அளவின் பத்தில் ஒன்றைக் காட்டினாலே எல்லோரும் விலகவேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வது பெரும் பிழை: பென்சீன் ஆவியாகிக் குசினிக்குள்தான் நிற்கும். பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு மருந்து, பெற்றோலுக்கு அல்ல. கிணற்றை முழுக்க இறைத்துவிடலாம் என்ற யோசனை எல்லாவற்றிலும் மோசம். செட்டடியில் கிடப்பதை உங்கள் கிணற்றுக்கு நீங்களே கூப்பிடுகிறீர்கள்.

இனி நிலத்தைப் பற்றி. மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும் பாதையின் ஒரு கரையில் வாவி, மறு கரையில் கடல், நடுவில் மணல் மேடு. பெய்யும் மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீராக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் நன்னீர் நின்றால், கீழே நாற்பது சென்ரிமீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போட்டால், இறைத்து ஒரு சென்ரிமீற்றர் குறைத்தால் உப்பு நாற்பது சென்ரிமீற்றர் மேலே வரப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை விடாமல் இறைத்தவர்கள் கண்டது இதைத்தான். மார்கழியில் முற்றத்தைத் தொடும் தண்ணீர் ஆவணி, புரட்டாதியில் இரண்டு மூன்று மீற்றர் கீழே போய்விடும். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைக்காமல் செட்டடியில் எந்த வேலை செய்தாலும் பிழைக்கும். ஒழுக்கைக் கண்டுபிடிப்பதும் குழாய் இறக்குவதும் தோண்டுவதும், முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதும் எல்லாம் அதைப் பார்த்துத்தான். வெளிநாட்டுக் கைநூலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் மாரி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஒழுக்கு எங்கே என்ற கேள்விக்கு எல்லோரும் தாங்கியைத்தான் காட்டுவார்கள். பெரும்பாலும் அது குழாய் மூட்டில், பம்ப் மெசினுக்கு அடியில், அல்லது பவுசர் ஹோஸ் பூட்டும் வாயில் இருக்கும். பவுசர்க்காரர் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே மிஞ்சிய நாலைந்து லீற்றர் தரையில் கொட்டுவது வருடக்கணக்கில் சேர்ந்தால் அதுவே ஒரு தாங்கி ஒழுகிய கதைதான். வாயைச் சுற்றி ஏந்துபெட்டி இருந்தாலும் அதில் மழைத்தண்ணீர் நிரம்பி நின்றால் பயன் இல்லை.

மெசினுக்குள்ளேயே மோட்டர் இருந்து தாங்கியிலிருந்து உறிஞ்சும் வகையில், திரும்பாத வால்வு எங்கே பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். வால்வு மெசினுக்கு அடியில் இருந்தால், குழாயில் ஓட்டை விழும்போது பெற்றோல் சரிவில் தாங்கிக்கே திரும்பிவிடும். காலையில் முதல் வாகனத்துக்கு அடிக்கும்போது பம்ப் காற்றை இழுத்துத் திணறும், மீற்றர் துள்ளும். அதுவே எச்சரிக்கை. வால்வு தாங்கி முனையில் இருந்தால் குழாய் எப்போதும் நிரம்பியே நிற்கும். ஓட்டை வழியே இரவு முழுக்க மண்ணுக்குள் வடியும், மெசினில் ஓர் அறிகுறியும் தெரியாது. பழைய செட்டுகளில் முதலில் மாற்றவேண்டியது இதை.

கணக்குப் புத்தகம் காட்டிக்கொடுக்கும் என்பதும் பாதி உண்மை. தினமும் குச்சி இறக்கி அளந்து, வந்ததையும் விற்றதையும் கழித்துப் பார்க்கும் முறைக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் எல்லை, மாத விற்பனையில் ஒரு வீதமும் அதற்கு மேல் 130 கலனும் (ஏறத்தாழ 490 லீற்றர்). மாதம் ஒன்றரை இலட்சம் லீற்றர் விற்கும் செட்டுக்கு அது கிட்டத்தட்ட 2,000 லீற்றர். ஒரு மூட்டு நொடிக்கு ஒரு துளி ஒழுகினால் நாளுக்கு நாலு லீற்றருக்குச் சற்று மேல், மாதத்துக்கு 130 லீற்றர். புத்தகத்தில் அது தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு வெப்பம்: 6,600 லீற்றர் பவுசர் அறையில் வந்த பெற்றோல் நிலத்தடித் தாங்கியில் 5 பாகை குளிர்ந்தால் 40 லீற்றர் தானாகவே 'குறையும்'. ஆனாலும் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல், வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று மூன்று மாதத்துக்குக் கோடு போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் வெப்பமும் அளவுப் பிழையும். கீழேயே போய்க்கொண்டிருந்தால் ஒழுக்கு, இல்லாவிட்டால் களவு.

தாங்கியிலேயே ஓட்டை என்றால் நம் நிலத்தில் அது ஆடும் கூத்து வேறு. ஓட்டைக்கு மேலே 1.5 மீற்றர் பெற்றோல் நிற்கிறது என்று வையுங்கள். பெற்றோலின் அடர்த்தி 0.74 என்பதால் அது 1.11 மீற்றர் தண்ணீருக்குச் சமம். வெளியே நிலத்தடி நீர் ஓட்டைக்கு மேல் அதைவிட உயர்ந்து நின்றால் தண்ணீர் உள்ளே வரும். தாழ்ந்து நின்றால் பெற்றோல் வெளியே போகும். ஆகவே மாரியில் அளவுக் குச்சியின் நுனியில் பூசிய தண்ணீர்ப் பசை நிறம் மாறிக்கொண்டே இருக்கும், கோடையில் சத்தமே இருக்காது. சத்தமில்லாத அந்த மாதங்களில்தான் இழப்பு. தாங்கி அழுத்தச் சோதனை செய்ய வருபவர்களிடமும் வெளி நீர்மட்டத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக நிற்கும் நாளில் ஓட்டைத் தாங்கியும் 'நல்லது' என்று தேறிவிடும்.

இனி மண்ணுக்குள் பார்ப்பது. துளை போடும் இடத்தில் முதல் ஒன்றரை மீற்றரையும் கையால்தான் தோண்டவேண்டும். மின்கம்பியும் பெற்றோல் குழாயும் படத்தில் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மணல் நிற்காது, இடிந்து நிரம்பும். ஆகவே வெளிக்குழாய் இறக்கிக்கொண்டே உள்ளிருந்து மணலை எடுக்கவேண்டும். அரை மீற்றருக்கு ஒரு மாதிரி எடுத்து, இழுத்து மூடும் சிப் பையில் பாதிக்கு நிரப்பி மூடி, நிழலில் பத்து நிமிடம் வைத்து, பையைக் குத்தி ஆவி மீற்றரின் முனையை நுழைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்த பையும் நிழலில் வைத்த பையும் ஒரே எண் காட்டாது. அதிக எண் வருவது ஓர் ஆழத்தில் அல்ல, கோடை மட்டத்துக்கும் மாரி மட்டத்துக்கும் நடுவே பட்டை போட்ட மாதிரி இரண்டு மீற்றர் தடிப்பில். தண்ணீர் ஏறி இறங்கும்போது மிதக்கும் பெற்றோலையும் கூடவே இழுத்து மணலில் பூசிவிடுகிறது.

நிலத்தடி நீரை அளந்து மாதிரி எடுக்க இறக்கும் கண்காணிப்புக் குழாய்க்கு இரண்டு அங்குல பிவிசி போதும், ஆனால் மரை மூட்டாக இருக்கவேண்டும். பிவிசிப் பசை போட்டு ஒட்டினால் அந்தப் பசையின் கரைப்பான்கள் உங்கள் மாதிரியில் வந்து நிற்கும்; பிறகு ஒழுகியது செட்டா பசையா என்று வழக்காடலாம். தண்ணீர் உள்ளே வர வெட்டுக் கண் போட்ட பகுதி மாரியின் உச்ச மட்டத்துக்கு மேலே தொடங்கி, கோடையின் அடி மட்டத்துக்குக் கீழே ஒன்றரை மீற்றர் வரை போகவேண்டும். இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். புரட்டாதியில் இறக்கிய குழாயின் கண், மார்கழியில் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். மிதக்கும் பெற்றோல் கண்ணில்லாத குழாய்ச் சுவருக்கு வெளியே நிற்கும், உள்ளே எடுத்த மாதிரி சுத்தமாக வரும். கண்ணைச் சுற்றிச் சலித்த பருமணல், அதன் மேல் அரை மீற்றர் பென்டனைட் (நனைந்தால் ஊதி அடைக்கும்) களி, மேலே சீமெந்து, பூட்டுப் போட்ட மூடி. கழுவும் தண்ணீர் இறங்கும் மூடி இருந்தால் அது கண்காணிப்புக் குழாய் அல்ல, வடிகான்.

குறைந்தது மூன்று குழாய், அதுவும் ஒரே கோட்டில் அல்ல, முக்கோணமாக. குழாய் வாயின் உயரங்களை மட்டமானியால் மில்லிமீற்றர் அளவில் எடுங்கள். மணல் மேட்டின் கிழக்குப் பாதி கடலுக்கும் மேற்குப் பாதி வாவிக்கும் வடிவது பொது விதி. முகத்துவாரம் அடைத்து வாவி நிரம்பி நிற்கும் நாட்களில் வாவிப் பக்கத்துக் கணக்கு மாறலாம். ஆகவே ஒரு தடவை அளந்த திசையை வைத்து எந்த வீட்டுக்கும் 'உங்களுக்குப் பயமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். குழாயில் பெற்றோல் மிதந்தால் இன்னொரு திருத்தமும் உண்டு. வாயிலிருந்து பெற்றோல் மேற்பரப்பு 2.10 மீற்றர், தண்ணீர் 2.50 மீற்றர் என்றால் மிதப்பு 40 சென்ரிமீற்றர். உண்மையான நீர்மட்டம் 2.50 அல்ல, 2.50 − (0.74 × 0.40) = 2.20 மீற்றர். இந்த 30 சென்ரிமீற்றரை விட்டால், 50 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சரியும் நிலத்தில் திசையே தலைகீழாகிவிடும். இரண்டையும் அளக்கும் மின்முனை இல்லாவிட்டால் ஸ்ரீல் டேப்பில் ஒரு பக்கம் தண்ணீர்ப் பசை, மறு பக்கம் எண்ணெய்ப் பசை பூசி இறக்குங்கள். நிதானமாகச் செய்தால் சில மில்லிமீற்றருக்குள் வரும். இதே சரிவில், தண்ணீரை விடும் திறன் நாளுக்கு 10 மீற்றர் என்று கணக்கிடும் மணலில், மணிகளுக்கு நடுவே துளை இடம் 30 வீதம் என்றால் தண்ணீர் வருடத்துக்கு 24 மீற்றர் போகும். மூன்று வருடம் ஒழுகிய செட்டுக்கு எந்த வீடு வரை கதவு தட்டவேண்டும் என்று இதிலிருந்து புரியும்.

அம்பாறை நகரப் பக்கம், உள் நாட்டுக்குள் போனால் கணக்கு வேறு: மேலே களி கலந்த மண், கீழே உக்கிய கருங்கல், அதில் வெடிப்புகள். அங்கே மூன்று குழாய் முக்கோணம் பொய் சொல்லும். வெடிப்பு எந்தப் பக்கமோ பெற்றோலும் அந்தப் பக்கம். சுண்ணாம்புக்கல் இன்னொரு விதம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையப் பக்கத்து எண்ணெய் கிணறுகளுக்குப் போன வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மணல் இவை இரண்டையும்விட நேர்மையான நிலம். ஒழுங்காகக் கேட்டால் பதில் சொல்லும்.

தண்ணீர் மாதிரி எடுப்பது சிறிய வேலை, கெடுவது பெரும்பாலும் அங்கேதான். குடிதண்ணீர்ப் போத்தலில் பாதிக்குப் பிடித்து பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினால், 300 கிலோமீற்றருக்கு மேல் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் பென்சீன் போத்தலின் மேல் பாதிக் காற்றுக்குள் ஏறிவிடும். முடிவு 'இல்லை' என்று வரும், எல்லோருக்கும் சந்தோசம். 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, உள்ளே சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம், விளிம்பு முட்டி மேடாக நிற்கும்வரை மெதுவாக நிரப்பி மூடி, தலைகீழாக்கி விரலால் தட்டிப் பாருங்கள். மிளகளவு குமிழ் ஓடினாலும் அந்தக் குப்பி வேண்டாம், புதிய குப்பியில் மறுபடி எடுக்கவேண்டும். ஐஸ் பெட்டியில் 4 பாகை, 14 நாளுக்குள் சோதனை. கூடவே சுத்தத் தண்ணீர்க் குப்பி ஒன்றும் அதே பெட்டியில் போய் வரட்டும். அதிலும் பென்சீன் காட்டினால் பெட்டியோ குப்பியோதான் குற்றவாளி. எடுக்கும்போது பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடக்கூடாது. பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் நான்கையும் கேளுங்கள், பெற்றோலில் கலக்கும் சேர்பொருளான எம்ரிபிஈயையும் சேருங்கள், ஏனென்றால் அது தண்ணீரோடு தண்ணீராக எல்லாவற்றுக்கும் முன்னே ஓடும். 2002க்கு முன்னிருந்தே இயங்கும் செட்டு என்றால் ஈயம் கலந்த பெற்றோல் காலத்து டைபுரோமோஈதேனும் பார்க்கவேண்டும். அதன் எல்லை லீற்றருக்கு 0.4 மைக்கிரோகிராம்தான்.

எடுப்பதற்கு வருவோம். மூலத்தை அடைக்காமல் தொடங்கும் சுத்திகரிப்பு ஓட்டை வாளியில் இறைப்பது. தாங்கியை வெறுமையாக்கவேண்டும் என்றால் மாரிக்கு முன் செய்யுங்கள், மாரியில் வெறும் தாங்கியை மண்ணுக்குள் விடாதீர்கள். 20,000 லீற்றர் தாங்கியை நிலத்தடி நீர் 20 தொன் விசையோடு மேலே தள்ளும்; இரும்பின் எடை அதில் சிறு பங்கு. கொங்கிறீற்றோடு கட்டிப் பிடிக்காத தாங்கி தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வரும், வரும்போது குழாய்களையும் பிய்த்துக்கொண்டு வரும்.

நிலத்தடி நீரில் மிதக்கும் பெற்றோலை மேலிருந்து மட்டும் வழித்தெடுக்கவேண்டும், கூடவே தண்ணீரைப் பலமாக இறைக்கக்கூடாது. பலமாக இறைத்தால் மட்டம் தாழ்ந்து பெற்றோல் இன்னும் கீழே பூசிக்கொள்ளும், அடியிலிருந்து உப்பும் ஏறும். கொஞ்சம் இறைத்தே ஆகவேண்டும் என்றால் கரித்தூள் பீப்பா இரண்டைத் தொடராக வைத்து, நடுவிலிருந்து மாதிரி எடுங்கள். நடுவில் பென்சீன் தெரிந்த அன்று முதல் பீப்பாவை மாற்றவேண்டும். நம் தண்ணீரின் இரும்பு சில வாரத்தில் கரியை அடைத்துவிடும், முன்னால் காற்றூட்டி மணலில் வடிக்காவிட்டால்.

தோண்டி எடுப்பதற்கு ஆவணி, புரட்டாதியை விட்டால் வேறு காலம் இல்லை. பூசிய பட்டையின் பெரும்பகுதி அப்போதுதான் தண்ணீருக்கு வெளியே நிற்கும். கூரைத் தூணின் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கைவைக்கும் முன் பொறியியலாளரைக் கேளுங்கள், உலர்ந்த மணல் செங்குத்தாக ஒரு நிமிடமும் நிற்காது. எடுத்த மணலை தடித்த பொலித்தீன் விரித்துக் கொட்டி, மூடிப் போடவேண்டும். தூக்கி எறிய நினைத்தால் அது சாதாரணக் குப்பை அல்ல. உரிமம் உள்ளவர்களிடம்தான் போகவேண்டும், புத்தளம் சீமெந்துச் சூளை வரை லொறிக் கூலி வேறு. இடம் இருந்தால் குவித்து வைத்து நுண்ணுயிரிடம் விடுவதே மலிவு. 100 கனமீற்றர் மணல், ஏறத்தாழ 160 தொன், கிலோவுக்கு 2 கிராம் எண்ணெய் என்றால் உள்ளே 320 கிலோ எண்ணெய், அதில் கார்பன் 270 கிலோ அளவில். கார்பன் 100க்கு நைதரசன் 10, பொசுபரசு 1 என்ற விகிதத்தில் 27 கிலோ நைதரசனும் 2.7 கிலோ பொசுபரசும் வேண்டும்: வயலுக்கு எறியும் யூரியாவில் ஒரு மூடையும் இன்னும் ஒன்பது கிலோவும், பொசுபரசு உரமான டிஎஸ்பி 14 கிலோ. மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் அமோனியாவில் நுண்ணுயிரே சாகும். குவியல் ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு மேல் வேண்டாம், அடியில் துளை போட்ட குழாய், கையில் பிடித்தால் ஒட்டும் ஆனால் ஒழுகாத ஈரம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளறல். ஆவி வீட்டுப் பக்கம் போகாத திசையில் குவியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கே இருக்கும் குவியலின் மணம் கிழக்கு வீட்டுக்குத்தான்.

தோண்ட முடியாத இடத்தில், கூரைக்கும் பாதைக்கும் அடியில், மணலுக்குள் நிற்கும் பெற்றோல் ஆவியைக் காற்றோடு உறிஞ்சும் முறை உண்டு. மணலில் அது நன்றாக ஓடும், ஆனால் நீர்மட்டம் ஆழமாக இருக்கவேண்டும். 10 கிலோபஸ்கால் உறிஞ்சினால் குழாயடியில் தண்ணீர் ஒரு மீற்றர் மேலேறும். இரண்டு மீற்றர் ஆழத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பாதி மணலை நாமே மூழ்கடிக்கிறோம். ஆகவே சித்திரை முதல் புரட்டாதி வரை ஓட்டி, மாரியில் நிறுத்தவேண்டிய இயந்திரம் இது. தண்ணீருக்கு அடியில் காற்றை ஊதும் முறையைக் கூடச் சேர்க்கலாம். இரண்டு மீற்றர் தண்ணீரைத் தள்ள 20 கிலோபஸ்கால் போதும். அவசரப்பட்டு நாலு ஐந்து மடங்கு கொடுத்தால் மணல் பிளந்து காற்று முழுக்க ஒரே வழியில் வெளியேறும். உறிஞ்சல் இல்லாமல் ஊதல் மட்டும் செய்தால் ஆவி பக்கத்து வீட்டுத் தரைக்கடியில்தான் கூடும். அதை அனுமதிக்கவே கூடாது.

எல்லாவற்றையும் இயந்திரம் எடுக்காது. மிச்சத்தை நிலத்து நுண்ணுயிர்தான் தின்னவேண்டும், அதற்கு ஒட்சிசன் வேண்டும்: ஒரு மில்லிகிராம் பென்சீனுக்கு மூன்று மில்லிகிராம். நம் வெப்பத்தில் தண்ணீரில் கரையும் ஒட்சிசன் லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்கும் குறைவு. அது தீர்ந்ததும் நைத்திரேற்று, இரும்பு, கடலிலிருந்து வந்த சல்பேற்று என்று ஒவ்வொன்றாக எடுக்கும், வேகம் குறையும். சல்பேற்றுக் காலத்தில் குழாயைத் திறந்தால் கூழ்முட்டை மணக்கும். பயப்படத் தேவையில்லை, வேலை நடக்கிறது என்று பொருள்.

தை மாதத்தில் எல்லாக் குழாயிலும் மிதப்பு 'பூச்சியம்' என்று வரும். மறுகா ஆவணியில் அதே குழாயில் பத்து சென்ரிமீற்றர் மிதக்கும். பெற்றோல் எங்கும் போகவில்லை, உயர்ந்த தண்ணீருக்கு அடியில் மணலுக்குள் சிக்கிக் கிடந்தது. ஆகவே இயந்திரத்தை நிறுத்திய பிறகு இரண்டு கோடை, இரண்டு மாரி பார்க்காமல் எந்த அறிக்கையிலும் 'முடிந்தது' என்று எழுதக்கூடாது. ஒவ்வொரு மாதிரி எண்ணோடும் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். மட்டம் இல்லாத எண்ணை சுற்றாடல் அதிகாரிக்கும் அனுப்பவேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டவேண்டாம். கடைசியில் குழாய்களை மூடும்போது மூடியைப் பூட்டிவிட்டுப் போய்விடாமல், அடியிலிருந்து மேல்வரை பென்டனைட் கலந்த சீமெந்துக் கூழை இறக்கி நிரப்புங்கள். வெறுமனே விட்ட குழாயின் மூடியை அடுத்த தளவேலையில் யாராவது உடைப்பார்கள், அதன் பிறகு செட்டில் கொட்டும் முதல் லீற்றர் நேரே நிலத்தடித் தண்ணீருக்குத்தான்.